மறுரூபமும் வேடமும்

(அதியமான்கோட்டையில், இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைத் தாங்கி நிற்கும் இவ்வூரில் எப்பொருள் பற்றிப் பேச்சு எழுந்தாலும் அது ஔவையாரைத் தொட்டுத் தொடங்குவதே முறை. தொண்டைமானிடம் தூது சென்ற ஔவைக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டியதும், அதனைக் கண்டு ஔவை மறுமொழி கூறியதும் புறநானூற்றின் 95ஆம் பாட்டாக நிற்கின்றன. தொண்டைமானின் வேல்கள் நெய் பூசப்பெற்று, மயிற்பீலியும் மாலையும் சூட்டப்பெற்று, காவல் மிக்க மனையில் இருந்தன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி முரிந்து, கொல்லனின் சிறிய உலைக்கூடத்தில் கிடந்தன. புகழ்வது போலப் பழித்து, பழிப்பது போலப் புகழ்ந்த பாட்டு என்று அதன் நயத்தை இவ்வவையோர் பலகாலும் எடுத்துரைத்திருப்பர்.

அப்பாட்டில் இன்னொரு நுட்பமும் உண்டு. இரண்டு கொட்டில்களிலும் வேல்கள் பிறந்த நாளில் இருந்தபடி இல்லை, இரண்டும் மாறியுள்ளன. ஒன்றில் மாற்றம் மேலே சாத்தப்பட்டிருக்கிறது. மற்றொன்றில் மாற்றம் இரும்பிலேயே நிகழ்ந்திருக்கிறது. பீலியைக் களைந்தால் தொண்டைமானின் வேல் பழைய வேல்தான். அதியமானின் வேலை உலையிலிட்டு அடித்தாலன்றிப் பழைய வேலாக்க முடியாது. இவ்விரண்டையும் ‘மாற்றம்’ என்னும் ஒரே சொல்லால் குறிப்பது தகுமா என்பதே இன்றைய உரையின் வினா.

இவ்வேறுபாட்டை இரண்டு சொற்களால் காட்ட வல்ல மொழிகளுள் ஒன்று கிரேக்கம். கி.பி. முதல் நூற்றாண்டின் பொதுவழக்குக் கிரேக்கத்திலேயே விவிலியத்தின் புதிய ஏற்பாடு பெரிதும் எழுதப்பட்டது. அம்மொழியில் ‘மார்ஃபே’ என்பது ஒரு பொருளை அப்பொருளாக்கும் வடிவம். ‘ஸ்கீமா’ என்பது கண்ணுக்குப் புலனாகும் கோலம். முன்னதிலிருந்து ‘மெட்டமார்ஃபோ’ என்னும் வினையும், பின்னதிலிருந்து ‘மெட்டாஸ்கீமாட்டிசோ’ என்னும் வினையும் பிறந்தன. ஆங்கில அறிஞர் டிரெஞ்ச் புதிய ஏற்பாட்டின் ஒருபொருட் சொற்கள் பற்றி எழுதிய நூலிலும், லைட்ஃபுட் பிலிப்பியருக்கு எழுதிய மடலுக்கு 1868இல் வெளியிட்ட உரையிலும் இவ்வேறுபாட்டை விரிவாக ஆராய்ந்தனர். எல்லா இடங்களிலும் இவ்வேறுபாட்டைக் கறாராகப் பொருத்துதல் கூடாது என்று பின்வந்தோர் எச்சரித்ததும் நியாயமே. எனினும் இரு சொற்களும் எதிரெதிரே நிறுத்தப்படும் இடங்களில் வேறுபாடு தெளிவாகவே ஒலிக்கிறது.

‘மெட்டமார்ஃபோ’ என்னும் வினை புதிய ஏற்பாட்டில் நான்கே இடங்களில் வருகிறது. மலைமேல் இயேசுவின் உரு ஒளிமயமானதைக் கூறும் மத்தேயு 17ஆம் அதிகாரமும் மாற்கு 9ஆம் அதிகாரமும் இரண்டு இடங்கள். உரோமையருக்கு எழுதிய மடலின் 12ஆம் அதிகாரமும், கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் மடலின் 3ஆம் அதிகாரமும் மற்ற இரண்டு இடங்கள். முதலிரண்டும் ஒருவருக்கு ஒரு மலையில் நிகழ்ந்ததைச் சொல்கின்றன. பின்னிரண்டும் அதே சொல்லை எடுத்து, அது எளிய மனிதருக்கும் நிகழக்கூடியது என்கின்றன. இந்தத் துணிவு சிறிதன்று. அதே மலைக்காட்சியைச் சொல்லும் லூக்கா மட்டும் இவ்வினையைத் தவிர்த்து, முகத்தின் தோற்றம் வேறாயிற்று என்னும் அளவில் நின்றுவிட்டார். தேவர்கள் விலங்காகவும் மரமாகவும் உருமாறும் கதைகளை அச்சொல் கிரேக்க வாசகருக்கு நினைவூட்டியிருக்கும் என்று ஆய்வாளர் சிலர் காரணம் காட்டுவர். உரோமைக் கவிஞர் ஆவிட் அத்தகைய கதைகளையெல்லாம் தொகுத்துப் பாடிய இலத்தீன் காவியத்துக்கு இக்கிரேக்கச் சொல்லே பெயராயிருந்தமை இங்கு நினையத்தக்கது.

கிரேக்கத்திலிருந்து இலத்தீனுக்குச் சென்றபோது இச்சொல் சிதறியது. வுல்காத்தா என்னும் இலத்தீன் விவிலியம் மலைக்காட்சிக்கு ‘டிரான்ஸ்ஃபிகுராரே’ என்றும், உரோமையர் மடலில் ‘ரெஃபார்மாரே’ என்றும், கொரிந்தியர் மடலில் ‘டிரான்ஸ்ஃபார்மாரே’ என்றும் மூன்று சொற்களைக் கையாண்டது. 1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் ஆங்கில விவிலியமும் அவ்வழியே சென்றது. ‘டிரான்ஸ்ஃபிகர்’, ‘டிரான்ஸ்ஃபார்ம்’, ‘சேஞ்ச்’ என நான்கு இடங்களுக்கு மூன்று சொற்கள். மலைமேல் நிகழ்ந்ததும் மனிதருள் நிகழ்வதும் ஒன்றே என்று மூலம் சொன்னது. ஆங்கிலம் மட்டும் படித்தவருக்கு அத்தொடர்பு அறுந்துபோயிற்று.

இதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் மடலின் 11ஆம் அதிகாரத்தில், போலித் தூதர்கள் மெய்த்தூதரைப் போலக் கோலம் பூணுவதையும், சாத்தானே ஒளியின் தூதனாகக் கோலம் பூணுவதையும் பவுல் கூறுகிறார். அங்கே மூலத்தில் நிற்பது கோலத்தைக் குறிக்கும் ‘மெட்டாஸ்கீமாட்டிசோ’. ஜேம்ஸ் மன்னர் விவிலியமோ அவ்விடத்திலும் ‘டிரான்ஸ்ஃபார்ம்’ என்றே எழுதியது. உள்ளம் புதிதாகி மனிதர் மாறுவதற்கும், சாத்தான் ஒப்பனை செய்துகொள்வதற்கும் ஆங்கிலத்தில் ஒரே வினை. இலத்தீனின் நிலையும் விந்தையானதே. மலைமேல் இயேசுவுக்கு ஆண்ட அதே ‘டிரான்ஸ்ஃபிகுராரே’யை அது சாத்தானுக்கும் ஆண்டது. 1881இல் வெளிவந்த திருத்திய ஆங்கிலப் புதிய ஏற்பாடு சாத்தானுக்குரிய இடத்தில் வேறு வினையை இட்டுப் பிழையைக் களைந்தது. ஆயினும் இடைப்பட்ட 270 ஆண்டுகளில் ‘டிரான்ஸ்ஃபார்ம்’ என்னும் சொல் எத்தகைய மாற்றத்தையும் ஏற்கும் பொதுப்பையாகிவிட்டது. இன்று மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவிக்கும் அதுவே பெயர். அலுவலக நிருவாகத்தைச் சீர்செய்வதற்கும் அதுவே பெயர்.

இனித் தமிழுக்கு வருவோம். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1714, 1715ஆம் ஆண்டுகளில் அங்கேயே அச்சிட்டார். பின்னர் பப்ரிசியுஸ் உழைத்தார், இரேனியஸ் உழைத்தார், மொழிபெயர்ப்பின் நெறிகள் பற்றி இரேனியஸ் 1827இல் ஒரு கட்டுரையும் வெளியிட்டார். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாருடன் ஆறுமுக நாவலர் இருந்து பணியாற்றிய மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. இவற்றின் பின்னர் ஹென்றி பவர் தலைமையில் குழுவினர் செய்த மொழிபெயர்ப்பு 1871இல் நிறைவுற்றது. சீர்திருத்தத் திருச்சபைகளில் இன்றளவும் ‘பழைய திருப்புதல்’ என வழங்குவது அதுவே.

அத்திருப்புதலைத் திறந்து முன்சொன்ன நான்கு இடங்களையும் ஒப்பிட்டால் வியப்புக் காத்திருக்கிறது. நான்கிலும் நிற்பது ஒரே சொல்: மறுரூபம். மலைமேல் நிகழ்ந்ததும் மறுரூபம். மனம் புதிதாவதால் நிகழ்வதும் மறுரூபம். சாத்தான் வரும் இடத்திலோ ‘வேஷம்’ என்னும் சொல் நிற்கிறது. உரோமையர் மடலில் உலகத்தின் கோலத்தோடு ஒத்துப்போகாதீர்கள் என விலக்கும் இடத்தில் மூலம் ஸ்கீமாவிலிருந்து பிறந்த வினையை ஆள்கிறது. தமிழும் அங்கே வேஷம் தரித்தலையே பேசுகிறது. ஆகவே ஒரே வாக்கியத்தில் வேஷமும் மறுரூபமும் எதிரெதிரே நிற்பதைத் தமிழ் வாசகர் காதால் கேட்கிறார். ஆங்கிலம் தவறவிட்ட எதிர்நிலை இது.

எல்லா இடத்திலும் அத்திருப்புதல் இவ்வாறே செய்தது என்பது மிகையாகும். பிலிப்பியர் மடலின் 3ஆம் அதிகாரத்தில் உடல் மாட்சி பெறுவதைக் குறிக்க மூலம் ‘மெட்டாஸ்கீமாட்டிசோ’ என்கிறது. தமிழ் அங்கும் மறுரூபம் என்றே பெயர்த்தது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் 15ஆம் அதிகாரத்தில் வரும் பொதுவான ‘மாற்றுதல்’ வினைக்கும் மறுரூபமே வந்தது. இவற்றை நோக்கினால், மொழிபெயர்த்தோர் சொல்லுக்குச் சொல் என எண்ணி வைத்தவர் அல்லர் என்பது புலனாகும். மெய்யான மாற்றம் எங்கெல்லாம் நிகழ்கிறதோ அங்கெல்லாம் மறுரூபம் என்றும், மேற்கோலம் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் வேஷம் என்றும் பொருள் அறிந்து இட்டிருக்கின்றனர். பிலிப்பியர் மடலில் கோலச்சொல் நின்றாலும் பொருள் மெய்ம்மாற்றமே ஆதலின் மறுரூபம் அங்குப் பொருந்தியது எனலாம்.

மறுரூபம் என்னும் தொகையோடு சேரும் துணைவினைகளும் உற்றுநோக்கத் தக்கவை. மலைக்காட்சியில் ‘ஆனார்’. உரோமையர் மடலில் ‘ஆகுங்கள்’. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் மடலில் ‘படுகிறோம்’. பிலிப்பியரில் ‘படுத்துவார்’. ஆங்கிலத்தில் ‘டிரான்ஸ்ஃபார்ம்’ என்னும் வினை தன்வினையாகவும் பிறவினையாகவும் வடிவம் மாறாமல் வரும். தமிழில் அவ்வாறு இயலாது. திருந்து, திருத்து, மாறு, மாற்று, ஆகு, ஆக்கு எனச் செய்பவர் யார் என்பதைத் தமிழ்வினை தன் உடம்பிலேயே காட்டியாக வேண்டும்.

உரோமையர் மடலில் மூலத்து வினை ஏவலாகவும் செயப்பாட்டுவினையாகவும் ஒருங்கே நிற்பது. இது விடுகதை போன்றது. உன்னை நீயே மாற்றிக்கொள் என்று அது சொல்லவில்லை. மாற்றப்படும்வரை வாளா இரு என்றும் சொல்லவில்லை. மாற்றுபவர் வேறொருவர், எனினும் ஏவல் மாறுபவரை நோக்கியே எழுகிறது. ‘மாற்றுங்கள்’ என்றால் முதற்பாதி போய்விடும். ‘மாற்றப்படுங்கள்’ என்றால் தமிழே போய்விடும். மொழிபெயர்த்தோர் ‘ஆகுங்கள்’ என்றனர். ‘ஆகு’ என்பது காய் கனியாவதற்கும், சொல் பாட்டாவதற்கும் உரிய வினை. கனிவது காயே, ஆனால் கனிவிப்பது காயின் முயற்சி மட்டுமன்று. அவ்விடத்துக்கு இதனினும் பொருந்திய வினை தமிழில் அரிது. மூலத்தின் நிகழ்கால ஏவல் ‘இடையறாது ஆகிக்கொண்டிருங்கள்’ என்னும் தொடர்ச்சியையும் உணர்த்துகிறது. அத்தொடர்ச்சி மட்டும் தமிழேவலில் முழுமையாக வந்து சேரவில்லை.

இதே ஊரைச் சேர்ந்த இன்னொரு சொல் ‘மெட்டனோயா’. ‘நூஸ்’ என்றால் மனம், அறிவு. ஆதலின் மெட்டனோயா என்பது மனத்தின் மாற்றம். வுல்காத்தா இதனைப் ‘பெனிடென்சியா’ என்றது. அச்சொல் கழிவிரக்கத்தையும், காலப்போக்கில் பரிகாரச் சடங்கையும் குறித்தது. 1582இல் வெளியான ரீம்ஸ் ஆங்கிலப் புதிய ஏற்பாடு பரிகாரம் செய்யுமாறு பணித்ததும் அதனாலேயே. 1516இல் கிரேக்க மூலத்தை அச்சிட்ட எராஸ்மஸ் அப்பெயர்ப்பை ஐயுற்றார். அடுத்த ஆண்டில் மார்ட்டின் லூதர் எழுதிய 95 கருத்துரைகளில் முதலாவது இச்சொல்லைப் பற்றியதே. அது ஒருநாள் சடங்கன்று, வாழ்நாள் முழுவதும் நடப்பது என்பது அவர் வாதம். ஒரு சொல்லின் பொருள் பற்றிய வழக்கு ஐரோப்பாவின் சமய வரலாற்றையே இரண்டாகப் பிரித்தது எனின், சொல்லாராய்ச்சி வெறும் பண்டிதர் பொழுதுபோக்கு என்று யாரும் கூறார்.

ஆங்கிலத்தின் ‘ரிப்பென்ட்’ என்னும் சொல்லும் கழிவிரக்கத்தை அடியாகக் கொண்டதே. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசு பின்னர் மனம் நொந்தான் என்னுமிடத்தில் கிரேக்கம் மெட்டனோயாவை ஆளவில்லை. வருந்துதலைக் குறிக்கும் வேறொரு வினையை ஆள்கிறது. ஜேம்ஸ் மன்னர் விவிலியம் இரண்டுக்கும் ‘ரிப்பென்ட்’ என்றது. பழைய திருப்புதலோ யூதாசுக்கு மனஸ்தாபம் என்றும், மெட்டனோயாவுக்கு மனந்திரும்புதல் என்றும் பிரித்து நிறுத்தியது. வருந்தியவரெல்லாம் திரும்பியவர் அல்லர் என்பதை அப்பிரிவு உரைக்காமல் உரைக்கிறது. மனந்திரும்புதல் என்னும் தொகையில் மற்றொரு நயமும் உண்டு. எபிரேயத் தீர்க்கதரிசிகள் இக்கருத்தை ‘ஷூப்’ என்னும் வினையால் கூறினர். அதன் நேர்ப்பொருள் திரும்புதல். மனம் கிரேக்கத்திலிருந்தும், திரும்புதல் எபிரேயத்திலிருந்தும் வந்து ஒரு தமிழ்த்தொகையில் கைகோத்தன.

இவ்வளவில் ஒரு தடை எழலாம். வேடம் என்றாலே பொய்யா? தமிழ்ச் சைவ மரபு அவ்வாறு கொள்ளவில்லை. அதியமான் வென்றதாகச் சங்கப்பாட்டு கூறும் கோவலூர், பெரியபுராணத்தில் மெய்ப்பொருள் நாயனாரின் ஊராகிறது. முத்தநாதன் என்னும் பகைவன் திருநீறு பூசி, அடியார் கோலம் பூண்டு, நூலைப் போல மறைத்த படைக்கலத்துடன் நாயனாரை அணுகிக் குத்தினான். நாயனாரோ அவ்வேடத்தை வணங்கி, அவனுக்குத் தீங்கு நேராமல் ஊர் எல்லை கடத்திவிடுமாறு தம் காவலனைப் பணித்தார். முத்தநாதனின் கோலம் பொய். அக்கோலத்தை வணங்கிய நெஞ்சம் மெய். பவுல் பகைவரின் வேடத்தைக் கிழிக்கச் சொல்லும் இடத்தில், சேக்கிழார் காட்டும் அரசர் வேடத்தைப் பணிகிறார். இரண்டும் முரண்போலத் தோன்றினாலும் ஒரு புள்ளியில் கூடுகின்றன. வேடம் பூண்டதனால் முத்தநாதன் அடியார் ஆகிவிடவில்லை என்பதில் சேக்கிழாருக்கும் ஐயமில்லை. மாறியவன் முத்தநாதன் அல்லன். குத்துண்ட பின்னும் சினம் எழாத மன்னரே மாற்றத்தின் உரு. வேஷம் என்னும் சொல்லைத் தமிழ்ப் புலவர் ஒருவர் விவிலியத்தில் படித்தபோது, ஆங்கில வாசகர் அறியாத இப்பின்னணி முழுவதும் அவர் நெஞ்சில் ஒலித்திருக்கும்.

1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் கூடி வெளியிட்ட ‘திருவிவிலியம்’ நல்ல தமிழில் அமைந்தது. வடசொற்களின் செறிவைக் குறைத்தது. பலருக்கு வாயிலைத் திறந்தது. ஆயினும் மலைக்காட்சியில் அது ‘தோற்றம் மாறினார்’ என்கிறது. தோற்றம் என்பது ஸ்கீமாவுக்கு அண்மையது. மறுரூபத்தில் மூலச்சொல்லின் ஆழம் இருந்தது. தோற்றமாற்றத்தில் தமிழின் தெளிவு இருக்கிறது. மனந்திரும்புதலும் அதில் ‘மனம் மாறுதல்’ ஆயிற்று. இது கிரேக்கத்துக்கு நெருங்கியது. எபிரேயத்தின் ‘திரும்பு’ மட்டும் விடைபெற்றது. எந்த மொழிபெயர்ப்பும் ஒன்றை வாங்கி ஒன்றைக் கொடுத்தே நடக்கிறது. குறை கூறுதல் இங்கு நோக்கமன்று. கொடுத்தது எது என்று கணக்கு வைத்தல் புலவர் கடன்.

அக்கணக்கு வட்டத்துக் கவிஞர்களையும் சார்ந்தது. இன்றைய உரைநடையிலும் கவிதையிலும் ‘மாற்றம்’ என்னும் சொல் ஆங்கிலத்தின் பொதுப்பை போலவே ஆகிவருகிறது. பழந்தமிழில் மாற்றம் என்றால் சொல், மறுமொழி. பொன்னின் தரத்தைக் குறிக்கும் அளவு மாற்று. உரைகல்லில் தேய்த்துப் பார்க்கும் வழக்கம் அச்சொல்லுக்குள் இருக்கிறது. பண்டம் வேறு வடிவாதலைத் திரிதல் என்றனர். பால் தயிராவதும் திரிதல், நூலில் எழுத்து வேறாவதும் திரிதல். தீயது நல்லதாவது திருந்துதல். காய் பக்குவப்படுவது கனிதல். மெய்யியலார் பரிணாமம் என்றும் விவர்த்தம் என்றும் பிரித்தனர். பால் தயிராவது முன்னது, கயிறு பாம்பாகத் தோன்றுவது பின்னது. இத்தனை சொற்களை வைத்துக்கொண்டு, கவிதைக்குக் கவிதை ‘மாற்றம் வேண்டும்’ என்று எழுதுவது நிறைந்த களஞ்சியத்தை வைத்துக்கொண்டு கைப்பிடி அரிசிக்குக் கடன் போவது போன்றது. எத்தகைய மாற்றம், யாரால், எதிலிருந்து என்று கேளாத சொல் வேடத்துக்கும் இடங்கொடுக்கும்.

மறுரூபம் என்னும் சொல் தேவாலயத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. வடசொல் என்பதால் தனித்தமிழார் தீண்டவில்லை. விவிலியச் சொல் என்பதால் ஏனையோர் எடுக்கவில்லை. உருமாற்றம் என்னும் சொல்லையோ அறிவியல் எடுத்துக்கொண்டது. புழு பட்டாம்பூச்சியாவதும் உருமாற்றம். பாறை வேறு பாறையாவதும் உருமாற்றம். புவியியலில் இச்சொல்லை 1833இல் பரவச் செய்த லயலும் அந்தக் கிரேக்கச் சொல்லையே எடுத்தார். அதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தின் நைஸ், சார்னோக்கைட் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் நிலத்தின் ஆழத்தில் உருமாறியவை. உலகப் புவியியலார் வந்து ஆராயும் பாறைகள். அப்பாறை தன் ஆழத்தில் பெருவெப்பத்தையும் பேரழுத்தத்தையும் ஏற்றது. பெரும்பாலும் உருகி ஓடாமல், திண்மையாக இருந்தபடியே அதன் படிகங்கள் உள்ளே புதிதாக அடுக்கப்பட்டன. வெளியிலிருந்து எதுவும் பூசப்படவில்லை. மீண்டும் பழைய பாறையாவது எளிதன்று.

பத்து ஆண்டுகளாக ஓர் ஊரில் கூடிப் பாட்டுப் படித்தோர் தமக்குள் நிகழ்ந்தது யாது என்று எண்ணிப் பார்க்கும் நாள் இது. விழா, மலர், மேடை, பொன்னாடை ஆகியவை வேண்டுவனவே. அவை பீலியும் மாலையும். அவற்றைப் பழித்தல் நன்றியின்மை. ஆனால் ஒரு சொல்லைப் பொறுக்குவதற்குப் பத்து நாள் காத்திருக்கும் பொறுமை, பிறர் பாட்டில் தம் பாட்டினும் சிறந்த அடியைக் கண்டு மகிழும் நெஞ்சு, எழுதியதைக் கிழித்து மீண்டும் எழுதும் துணிவு ஆகியவை எத்தனை பேருக்கு வாய்த்தன என்பதே வட்டத்தின் உண்மைக் கணக்கு. அவை ஒருவர் தமக்குத் தாமே பூட்டிக்கொள்ளக் கூடியவையல்ல. பிறர் வந்து சூட்டிவிடக் கூடியவையும் அல்ல. வாரந்தோறும் ஒருங்கே அமர்ந்து படிப்பதால், படிப்போர் அறியாமலே ஆகிவருபவை.

பெயர் அறியப்படாத தமிழ்ப் புலவர் பலர், பாதிரிமார் அருகே ஓலையும் தாளும் ஏந்தி அமர்ந்து, ஓர் அயல்மொழிச் சொல்லுக்கு ‘ஆகு’ என்னும் ஈரெழுத்து வினையைத் தேடித் தந்தனர். அவ்வினையை உரிய இடத்தில் ஆளும் பொறுப்பு இனி இவ்வவைக் கவிஞர்களுடையது.